அடைபட்ட வாயில் திறந்த வரலாறு

“மாற்றுக் கல்லீரல் பொருத்தலாம் என்றார்கள். இப்போது கல்லீரலுக்குப் போகும் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்திருக்கிறதாம். இனி வழியில்லையா, சாமி?” பாலவாக்கத்தில் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின், கணவரின் ஸ்கேன் அறிக்கையை நீட்டியபடி ஒரு தாய் நம்மிடம் கேட்டார். நாம் மருத்துவரல்லோம். எனினும் அக்கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அதை இறைமக்கள் அறிதல் நலம்.

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் கல்லீரலுக்கு இரத்தம் கொணரும் பெருஞ்சிரைக்குப் போர்ட்டல் சிரை என்று பெயர். ‘போர்ட்டா’ என்னும் இலத்தீன் சொல்லின் பொருள் வாயில். கல்லீரல் பெறும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இவ்வாயில் வழியே வருகிறது. கல்லீரல் இறுகிச் சுருங்கும்போது ஓட்டம் தளர்ந்து, இரத்தம் உறைந்துவிடுவதுண்டு. புதிய கல்லீரலும் இவ்விரத்தம் இன்றி வாழாது.

1963இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்ஸ்ல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கல்லீரல் மாற்ற முயன்றார். குழந்தை அறுவையின்போதே இறந்தது. 1967இல்தான் அவர் முயற்சி பலித்தது. ஆயினும் வாயிற்சிரை அடைபட்டோருக்கு இம்மருத்துவம் ஆகாதென்றே நெடுநாள் கருதப்பட்டது. 1980களின் நடுவில் அந்நிலை மாறலாயிற்று. உறைகட்டியை அகற்றக் கற்றனர். அகற்ற இயலாதபோது, இறந்த கொடையாளரின் உடலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து இணைத்து, அடைப்பைக் கடந்து மாற்றுவழி அமைத்தனர்.

2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் மருத்துவர்கள், தாங்கள் செய்த 779 கல்லீரல் மாற்றங்களை ஆராய்ந்து, இவ்வடைப்பை நான்கு படிகளாக வகுத்தனர். சிரையின் பாதிக்கும் குறைவாக அடைபட்ட முதற்படியினர் மற்றவர்களைப் போலவே நலமுற்றனர். அடைப்பு குடற்சிரை வரை பரவப் பரவ ஆபத்தும் மிகுகிறது. அறுவைக்குப் பிந்திய முதல் நாள்களே கடினமானவை. மீண்டும் உறையும் அச்சமும் உண்டு. ஆகவே ‘அடைப்பு’ என்ற ஒரு சொல் தீர்ப்பாகாது. எந்தப் படி என்பதே கேள்வி.

நம் நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் மூளைச்சாவை ஏற்றது. 1998இல் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்று, தந்தை ஈந்த கல்லீரல் பகுதியால் தில்லியில் உயிர்பெற்றது. இந்தியாவில் குழந்தைக்குச் செய்து வெற்றிகண்ட முதல் கல்லீரல் மாற்றம் அதுவே. 2008இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த இளைஞர் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவுற்றபோது, மருத்துவர்களான பெற்றோர் அவர் உறுப்புகளை ஈந்தனர், தமிழகமே விழித்தது. உறுப்பு ஈந்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் எனத் தமிழக அரசு 2023இல் அறிவித்தது.

திருச்சபையும் பின்தங்கவில்லை. 1956இலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் கண்ணின் கருவிழிக் கொடை பற்றிப் பேசினார். 2000இல் உரோமையில் கூடிய உறுப்புமாற்று வல்லுநர்களிடம் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், உறுப்புக்கொடை அன்பின் செயலென்றும் அது வணிகமாகலாகாதென்றும் வலியுறுத்தினார்.

அந்தத் தாயிடம், “எந்தப் படி என்று மருத்துவரைக் கேளுங்கள், அம்மா. வழி இருக்கலாம்” என்றோம். அவர் சென்றபின் நம் மனம் நம்மையே வினவியது. மூடிய வாயிலைத் திறந்தது அறுவைக் கத்தி மட்டுமன்று. யாரோ ஒருவர் விட்டுச்சென்ற சிரையுமன்றோ! பிறரன்பைப் பல்லாண்டு மறையுரைத்த நாம், அதுவரை உறுப்புக்கொடைப் படிவத்தில் கையொப்பமிட்டிருக்கவில்லை. அன்று மாலையே கையொப்பமிட்டோம். நாம் கையொப்பமிட்டாலும் இறுதியில் இசைவு தர வேண்டியவர் நம் உறவினரே. ஆதலின் உடன்பிறந்தோரிடமும் சொல்லிவைத்தோம்.

அவர் கணவர் இன்னும் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறார். நம் இல்லங்களில் இன்றிரவு செபமாலைக்குப் பின் இதைப் பற்றி ஒரு சொல் பேசுவோமா?