கட்டுச்சோறும் எல்லைக்கோடும்

வழிப்பயணத்துக்குக் கொண்டுசெல்லும் உணவைப் பழந்தமிழ் ‘ஆற்றுணா’ என்றது. ‘ஆறு’ என்னும் சொல்லுக்கு வழி என்பதும் பொருள். இன்றைய வழக்கில் அது கட்டுச்சோறு. காலையில் புறப்பட்டு இருட்டுமுன் வீடு திரும்பும் எளியோரின் பயணம் அச்சோற்றை நம்பியே அமைகிறது. தங்கும் செலவும் உணவகச் செலவும் அதில் இல்லை. ஆயினும் அப்பயணத்தைத் தீர்மானிப்பது செலவு மட்டும் அன்று என்பதைத் தமிழக–கேரள எல்லையிலுள்ள இரண்டு இடங்களின் வரலாறு காட்டுகிறது.

முதலாவது, மலம்புழை. பாலக்காடு அப்போது சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அணைப் பணி 1949இல் தொடங்கியது. போருக்குப் பிந்தைய உணவுத் தட்டுப்பாட்டுக் காலம் அது. உணவுதானியக் கட்டுப்பாட்டை இராஜாஜி நீக்கியது 1952இல்தான். நெல்வயல்களுக்கு நீர் தர எழுந்த அவ்வணையை 1955 அக்டோபரில் முதலமைச்சர் காமராசர் திறந்துவைத்தார். அடுத்த ஆண்டு நவம்பர் 1 அன்று பாலக்காடு கேரளத்துடன் இணைந்தது. அணையடிப் பூங்காவில் 1969இல் கானாயி குஞ்ஞிராமனின் யட்சி சிலை எழுந்தது. கோவையிலிருந்து வாளையாறு வழியாக ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். மாநில எல்லை மாறியும் வழி அடைபடவில்லை. தட்டுப்பாட்டுக் காலத்து அணை, சிக்கனக் குடும்பங்களின் ஒருநாள் பூங்காவாயிற்று.

இரண்டாவது, தெற்கே இடுக்கி–தேனி எல்லையிலுள்ள மங்கலதேவி கண்ணகி கோட்டம். சேரன் செங்குட்டுவனோடு மரபு இணைத்துப் பேசும் கோயில் இது. கூடலூரை அடுத்த பளியங்குடியிலிருந்து மலைப்பாதையில் நடந்து ஏறுவோருக்குக் கால்களே வண்டி. கேரளப் பக்கம் குமுளியிலிருந்து ஜீப்புகள் செல்கின்றன. செலவு நோக்கின் மலம்புழையினும் எளிய பயணம் இது. ஆனால் கோயில் பெரியார் புலிகள் காப்பகக் காட்டுக்குள் இருப்பதால், சித்திரை முழுநிலவு நாளில் மட்டும், அதுவும் பகற்பொழுதில் மட்டும், மக்களுக்கு அனுமதி உண்டு. அந்த ஒரு நாளுக்காக இரு மாவட்ட நிருவாகங்களும் முன்கூட்டியே கூடிப் பேசுகின்றன. காட்டைக் காக்கும் தேவை மெய்யானது. எல்லை குறித்த பூசலும் அதனோடு பின்னிக் கிடக்கிறது.

இரண்டு இடங்களுக்கும் கட்டுச்சோறு ஒன்றே. வழி திறந்திருக்கும் நாட்களே வேறு. ஆகவே நெருக்கடிக் காலத்து மக்களின் ஓய்வை ஆராய்வோர், குடும்பச் செலவுக் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது. வீட்டுக்கு அண்மையிலுள்ள பொது இடங்கள் யாருக்கு, எப்போது, எவர் ஆணையால் திறந்தன என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.