84 நாட்கள் யாருக்கு? நாவுலவிலிருந்து ஒரு கணக்கு

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்கு ஏ-9 வீதியால் போகும்போது நாலந்தாவைத் தாண்டியதும் நாவுல வரும். எலஹெரவுக்கும் மொரகஹகந்தை நீர்த்தேக்கத்துக்கும் பாதை பிரியும் இடம் அது. நெல்லும் மரக்கறியும் வெங்காயமும் விளையும் பிரதேசம். விளைச்சல் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகிறது. மாவட்டத்தின் தெற்கே ரத்தோட்டை, உக்குவெல, எல்கடுவ பக்கமாகப் போனால் தோட்டங்கள் வந்துவிடும்.

இந்த மாவட்டத்தில் ஒரே மாதத்தில் குழந்தை பெறும் நான்கு பெண்களை எடுத்துக்கொள்வோம். பெயர்கள் தேவையில்லை, தொழில் போதும். ஒருவர் பிரதேச செயலகத்தில் உத்தியோகத்தர். இரண்டாமவர் நகரத்துக் கடையொன்றில் கணக்கு எழுதுபவர். மூன்றாமவர் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். நான்காமவர் நாவுல பக்கத்துத் தோட்டக்காணிகளில் நாட்கூலிக்கு வெங்காயம் கிளறுபவர். நால்வரும் ஒரே நாட்டின் பிரஜைகள், வாக்குச்சீட்டில் சமமானவர்கள். பிரசவ விடுமுறை என்று வரும்போது நால்வருக்கும் நான்கு விதமான சட்டம்.

ஒரே இலக்கம், நான்கு அர்த்தம்

இலங்கையில் பிரசவ விடுமுறை என்றாலே 84 நாட்கள் என்ற இலக்கம்தான் எல்லோர் வாயிலும் வரும். அந்த 84ஐ எப்படி எண்ணுகிறார்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது.

அரச உத்தியோகத்தருக்குத் தாபன விதிக்கோவையின்படி முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் உண்டு. சனி, ஞாயிறு, அரச விடுமுறைகள் அதில் சேராது என்பதால் அது நான்கு மாதங்களை அண்டும். அதன்பின் 84 நாட்கள் அரைச் சம்பளத்துடனும், மேலும் 84 நாட்கள் சம்பளமின்றியும் எடுக்கலாம்.

கடைக் கணக்காளர் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகிறார். அவருக்கும் 84 நாட்கள். வார விடுமுறை, போயா, சட்டபூர்வ விடுமுறைகளைக் கழித்தே அதுவும் எண்ணப்படுகிறது. அரைச் சம்பள விடுமுறை அவருக்குக் கிடையாது.

கொழுந்து பறிப்பவருக்கு 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பொருந்தும். இதில் விடுமுறை நாட்களும் கணக்கில் சேரும், ஆகவே 84 நாட்கள் என்பது சரியாக 12 வாரங்கள். கொடுப்பனவு சம்பளத்தில் ஏழில் ஆறு பங்கு. அதைப் பெற, முந்திய ஒரு வருடத்தில் அதே தொழில்தருநரிடம் 150 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும். செக்ரோலில் பேர் விழும் வரை இது பெரிய தடையல்ல. தேயிலை மலையைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பறித்த கொழுந்தின் கிலோவுக்கு மட்டும் பணம் கொடுக்கும் முறை வரும்போது நிலைமை மாறுகிறது. பேர் விழாத இடத்தில் 150 நாட்களை எதை வைத்து நிரூபிப்பது?

வெங்காயத் தோட்டத்துப் பெண்ணுக்கு இன்று ஒருவர், நாளை இன்னொருவர் கூலி கொடுக்கிறார். நிரந்தரத் தொழில்தருநர் இல்லை, ஆகவே பிரசவ விடுமுறையும் இல்லை. அவரிடம் மருத்துவமாது வருவார், சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையில் கிளினிக் உண்டு, அரச வைத்தியசாலையில் பிரசவம் இலவசம். 2015இல் தொடங்கிய கர்ப்பிணித் தாய்மாருக்கான போசாக்குப் பொதித் திட்டமும் உண்டு. தொடக்கத்தில் அது மாதம் 2,000 ரூபா வீதம் 10 மாதங்களுக்கு வழங்கப்பட்டது. இவையெல்லாம் பெறுமதியானவை. ஆனால், வேலைக்குப் போகாத நாட்களின் கூலியை இவற்றில் எதுவும் ஈடு செய்வதில்லை.

2018ஆம் ஆண்டு வரை மூன்றாவது பிள்ளைக்கு இந்த இரண்டு சட்டங்களின் கீழும் பாதி விடுமுறைதான் கிடைத்தது. அவ்வருடம் கொண்டுவரப்பட்ட திருத்தங்கள் எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாட்கள் என்றாக்கின. நல்ல மாற்றம்தான், ஆனால் நான்காவது பெண்ணை அது தொடவில்லை.

செலவு யாருடையது?

நாடுகளை ஒப்பிடும்போது எத்தனை வாரம் என்ற பட்டியலைத்தான் முதலில் பார்க்கிறோம். அதைவிட முக்கியமானது, அந்த வாரங்களுக்குப் பணம் கொடுப்பது யார் என்பது.

இலங்கையில் முழுச் செலவும் தொழில்தருநரின் தலையில். பத்துப் பேர் வேலை செய்யும் சிறு கடைக்காரர் ஒருவர், திருமணமான இளம் பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்குவதற்கு இது ஒரு காரணம். சட்டம் தரும் உரிமையே வேலைக்குத் தடையாகிவிடுகிறது. நாட்டில் வேலை செய்யும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான் தொழிற்படையில் இருக்கிறார்கள் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனத்தின் 103ஆம் இலக்க மகப்பேற்றுப் பாதுகாப்புச் சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றுக்கொண்டது. கொடுப்பனவு சமூகக் காப்புறுதியிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ வர வேண்டும், தனித் தொழில்தருநர் மீது சுமத்தக்கூடாது என்று அது சொல்கிறது. முப்பது வருடங்களுக்கு மேலாகியும் நாங்கள் அந்த வாசகத்தை நிறைவேற்றவில்லை. 2000ஆம் ஆண்டின் 183ஆம் இலக்கச் சமவாயம் விடுமுறையைக் குறைந்தது 14 வாரங்களாக உயர்த்தியது. அந்த ஸ்தாபனம் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி 185 நாடுகளில் 82 நாடுகள் இந்த நியமங்களை எட்டவில்லை. உலகில் 64 கோடியே 90 இலட்சம் பெண்களுக்குப் போதிய மகப்பேற்றுப் பாதுகாப்பு இல்லை.

இந்தியா 2017இல் விடுமுறையை 26 வாரங்களாக்கியது. பார்வைக்குப் பெரிய பாய்ச்சல். ஆனால், அங்கும் பெரும்பாலும் தொழில்தருநரே செலுத்த வேண்டும், அமைப்புசாராத் தொழிலில் இருக்கும் பெரும்பான்மைப் பெண்களுக்கு அது எட்டாது. தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 18,000 ரூபாய் பெறுமதியான உதவியைத் தருகிறது. தொழில்தருநர் இல்லாதவரையும் அரசு தேடிப் போகலாம் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

வியட்நாமில் ஆறு மாத விடுமுறைக்கான பணம் சமூகக் காப்புறுதி நிதியிலிருந்து வருகிறது. பிலிப்பைன்சில் 2019இலிருந்து 105 நாட்கள். அங்கு சுயதொழில் செய்வோரும் சமூகப் பாதுகாப்பு நிதியில் அங்கத்தவராகிப் பங்களிப்புச் செலுத்தினால் கொடுப்பனவைப் பெறலாம். நாட்கூலிப் பெண்ணுக்கு ஒரு கதவு திறக்கக்கூடிய ஏற்பாடு இது. கனடாவில் தொழில் காப்புறுதி நிதி 15 வாரங்கள் தாய்க்கும், அதன்பின் பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் 40 வாரங்களுக்கும் சம்பளத்தில் 55 வீதத்தை, ஓர் உச்ச வரம்புக்குள், தருகிறது. ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் உறவுகள் ஒரு வருடம் பிள்ளையுடன் வீட்டில் இருக்க முடிவது முதலாளியின் தயவால் அல்ல.

பணம் படைத்த நாடு என்றால் எல்லாம் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டுச் சட்டம் 12 வார விடுமுறை தருகிறது, சம்பளம் இல்லாமல். தனியார் துறையில் 50 பேருக்குக் குறைந்த நிறுவனங்களுக்கு அதுவும் பொருந்தாது.

தந்தைக்கு மூன்று நாட்கள்

இலங்கையில் அரச ஊழியரான தந்தைக்கு மூன்று நாட்கள் விடுமுறை உண்டு. தனியார் துறைத் தந்தைக்குச் சட்டம் ஒரு நாளும் தரவில்லை. சிறு நாடான நேபாளத்தின் 2017ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் 15 நாட்கள் தருகிறது.

சுவீடன் 1974இலேயே தாய்க்கான விடுமுறையைப் பெற்றோர் இருவருக்குமானதாக மாற்றியது. இன்று ஒரு பிள்ளைக்கு 480 நாட்கள். அவற்றில் தலா 90 நாட்களை ஒருவர் மற்றவருக்குக் கொடுக்க முடியாது. தந்தை எடுக்காவிட்டால் அந்த நாட்கள் வீணாகும். நோர்வே 1993இல் தந்தைக்கென நான்கு வாரங்களை ஒதுக்கியபோது, அதுவரை விடுமுறை எடுக்காத தந்தையரில் பெரும்பான்மையினர் சில வருடங்களுக்குள் எடுக்கத் தொடங்கினார்கள். ஜப்பானில் சட்டம் நீண்ட விடுமுறை தந்தும் 2012இல் அதைப் பயன்படுத்திய தந்தையர் 2 வீதத்துக்கும் குறைவு. நிறுவனங்கள் ஊழியரிடம் இதைத் தாமே எடுத்துச்சொல்ல வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்ட பின் 2023இல் அது 30 வீதமானது. “எங்கள் ஆம்பிளைகள் எடுக்க மாட்டார்கள்” என்று இங்கு சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

85ஆவது நாள்

விடுமுறை முடிந்த மறுநாள் பிள்ளை யாரிடம் இருக்கும்? இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் பதில் வைத்திருந்த இடம், எல்லோரும் பின்தங்கியதாகச் சொல்லும் தோட்டம்தான். பிள்ளைக்காம்பரா என்று தோட்டத்து மக்கள் சொல்லும் அந்த இடத்தில் தாய் காலையில் பிள்ளையை விட்டு மலைக்குப் போவாள், பால் கொடுக்க இடையில் வருவாள். தாய்மையை மதித்து முதலாளிமார் அதைக் கட்டவில்லை, கொழுந்து பறிக்க அவளுடைய கை தேவைப்பட்டது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போன பின்னர் உருவான நம்பிக்கை நிதியம், இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற பெயரில், அவற்றைச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றி வந்திருக்கிறது. எல்லா இடத்திலும் தரம் ஒன்றல்ல. என்றாலும், முழு நாளும் பிள்ளையைப் பார்க்கும் ஓர் இடம் என்ற எண்ணம் அங்கு இருக்கிறது.

தோட்டத்துக்கு வெளியே வந்தால் முன்பள்ளிதான். அது மூன்று வயதுக்குப் பின், அதுவும் பகல் பன்னிரண்டு மணிக்குள் முடிந்துவிடும். வெங்காயத் தோட்டத்து வேலை மாலை வரை. இந்த இடைவெளியை நிரப்புவது அம்மாயி அல்லது அப்பாயி. அவருக்கு நாங்கள் சம்பளமும் கொடுப்பதில்லை, விடுமுறையும் கொடுப்பதில்லை.

ஜேர்மனியில் 2013 ஓகஸ்டிலிருந்து ஒரு வயது நிரம்பிய ஒவ்வொரு பிள்ளைக்கும் பராமரிப்பு நிலையத்தில் இடம் பெறும் சட்டபூர்வ உரிமை இருக்கிறது. சுவீடன் 2024 ஜூலையிலிருந்து பெற்றோர் தம் விடுமுறையில் தலா 45 நாட்களைப் பாட்டன், பாட்டி உட்பட வேறொருவருக்கு, கொடுப்பனவுடன், மாற்ற அனுமதிக்கிறது. அம்மாயி செய்வது வேலைதான் என்று ஒரு நாட்டின் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

எங்கள் அரசு இதே இடைவெளியை வேறு விதமாகக் கையாண்டது. மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது. 2022இல் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. தந்தைக்கு அப்படி ஓர் அறிக்கை தேவைப்படவில்லை. பிள்ளையைப் பார்க்க ஓர் இடம் அமைப்பதைவிடத் தாயைத் தடுப்பது அரசுக்கு இலகுவாக இருந்தது.

அம்மாயி படுத்துவிட்டால்

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயதைக் கடந்தவர்கள் சனத்தொகையில் 12.4 வீதம். பிள்ளையைப் பார்த்த அம்மாயி பாரிசவாதத்தில் விழுந்தால், அவரைப் பார்க்க மகளோ மருமகளோ வேலையை விட வேண்டியிருக்கிறது. தனியார் அலுவலக ஊழியருக்கு வருடத்துக்கு 14 நாட்கள் வருடாந்த விடுமுறையும் 7 நாட்கள் தற்செயல் விடுமுறையும் உண்டு. முதியவரைப் பராமரிக்கவென்று தனி விடுமுறை இல்லை.

ஜப்பானில் குடும்ப அங்கத்தவர் ஒருவரைப் பராமரிக்க 93 நாட்கள், மூன்று தவணைகளாக, சம்பளத்தில் 67 வீதத்துடன் எடுக்கலாம். 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கு நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியும் உண்டு. 40 வயதிலிருந்து எல்லோரும் அதற்குப் பணம் கட்டுகிறார்கள், வயதானபின் வீட்டுக்கு உதவியாளர் வருகிறார்.

இங்கு என்ன செய்யலாம்?

சுவீடனின் 480 நாட்களை நாவுலவுக்குக் கொண்டுவரும்படி யாரும் கேட்கவில்லை. செய்யக்கூடியவை அதைவிடச் சிறியவை.

பணம் திரட்டும் பொறிமுறை ஏற்கனவே இருக்கிறது. தொழில்தருநர்கள் மாதந்தோறும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 வீதம் செலுத்துகிறார்கள். ஆண், பெண் இருபாலாரின் சம்பளத்திலும் சிறு வீதம் ஒன்றை மகப்பேற்று நிதிக்கென ஒதுக்கினால், பெண்ணை வேலைக்கு எடுத்தவர் மட்டும் செலவைச் சுமக்க வேண்டியதில்லை. நாட்கூலிப் பெண்கள் சிறு தொகை கட்டி அங்கத்தவராகலாம், கட்ட முடியாதவருக்கு அரசு கட்டலாம். 12 வாரங்களை எல்லோருக்கும் 14 ஆக்கலாம். தனியார் துறைத் தந்தைக்கு ஒரு வாரமாவது தரலாம். பன்னிரண்டு மணிக்குப் பூட்டப்படும் முன்பள்ளிக் கட்டடத்தை, பயிற்சி பெற்ற இன்னும் ஒருவருடன், மாலை நான்கு மணி வரை திறந்து வைக்கலாம். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் அனுபவம் கிராமத்துக்குப் பயன்படும்.

இவற்றுக்குச் செலவு உண்டு. அந்தச் செலவு இன்றும் இல்லாமல் இல்லை. இழந்த கூலியாகவும் விட்டுவிட்ட வேலையாகவும் அம்மாயியின் முழங்கால் வலியாகவும் அதைக் குடும்பங்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. வெங்காயம் கிளறும் பெண் பிரசவமாகி எத்தனையாவது நாள் மீண்டும் தோட்டத்தில் இறங்குகிறார் என்பதை எந்தச் செக்ரோலும் எழுதி வைப்பதில்லை. அடுத்த தடவை 84 நாட்களைப் பற்றிப் பாராளுமன்றத்தில் பேசுபவர்கள், முதலில் அவரிடமிருந்து எண்ணத் தொடங்கட்டும்.