கோழிக்கறி கேட்ட கொலைகாரன்

கேரளத்து நென்மாறா செந்தாமராவைப் பற்றி நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். 2025 ஜனவரி 27 அன்று நடந்த இரட்டைக் கொலைக்காகத் தேடப்பட்டவன். நெல்லியாம்பதி மலையடிவாரத்தைப் போலீஸ் சல்லடை போட்டுச் சலித்தும் கிடைக்கவில்லை. மறுநாள் இரவு, பசி தாங்காமல் போத்துண்டியில் தன் வீட்டுப் பக்கம் இறங்கி வந்தபோதுதான் மாட்டினான்.

பசி என்றதும் எனக்கு ராமன் ராகவன்தான் நினைவுக்கு வருகிறான். தென்னிந்தியாவிலிருந்து பம்பாய்க்குப் போனவன். நடைபாதையிலும் குடிசையிலும் தூங்கிய ஏழைகளை இரும்புத்தடியால் அடித்தே கொன்றவன். 1968 ஆகஸ்ட் 27 அன்று அலெக்ஸ் ஃபியால்ஹோ என்ற உதவி ஆய்வாளர் அவனை அடையாளம் கண்டு பிடித்தார். பம்பாய்ப் போலீஸ் அவரைக் கொண்டாடியது போதாது என்பேன். பிடித்தென்ன, வாய் திறக்க வேண்டுமே! என்ன வேண்டும் என்று கேட்டார்கள். கோழிக்கறி என்றான். வயிறாரத் தின்றான். பிறகு தலைக்கு எண்ணெய், சீப்பு, கண்ணாடி. எண்ணெய் தேய்த்து, படிய வாரி, கண்ணாடியில் முகத்தைப் பார்த்துத் திருப்தியான பிறகே பேசத் தொடங்கினான். இரும்புத்தடியைப் புதரில் ஒளித்து வைத்த இடத்தையும் அவனே காட்டினான். 1969இல் தூக்குத் தண்டனை. மனநல மருத்துவர் குழு அவனுடன் பலமுறை பேசி, தீராத மனநோய் என்று அறிக்கை தர, 1987இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. குற்றவாளியின் மனத்தை ஆராய இந்திய நீதிமன்றம் இவ்வளவு பாடுபட்ட வழக்குகள் குறைவு.

நென்மாறாவை அப்படியே விட்டுவிட்டு நகர எனக்கு மனமில்லை.

பிடிபட்ட பிறகு ஆளைப் படிப்பது பாதி வேலைதான். செந்தாமராவின் மனத்தில் ஒளிவுமறைவே இல்லை. மனைவி பிரிந்ததற்கு அண்டை வீட்டார் வைத்த சூனியமே காரணம் என்று நம்பி, 2019இல் அந்த வீட்டுப் பெண்ணைக் கொன்றவன். ஜாமீனில் வந்தவன் நென்மாறாவுக்குள் நுழையக் கூடாது என்பது நிபந்தனை. நுழைந்தான். மிரட்டினான். அந்தக் குடும்பம் காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்தது. கூப்பிட்டு எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. 2025இல் இறந்தவர்கள் அதே பெண்ணின் கணவரும் மாமியாரும். நிலைய அதிகாரியைப் பணியிடை நீக்கம் செய்தது அதன் பிறகு. 2019 கொலைக்கு இரட்டை ஆயுள் தண்டனை வந்தது 2025 அக்டோபரில்.

பகையை வாய்விட்டுச் சொல்லும் ஒருவனுக்கு ஜாமீன் கொடுக்குமுன் மனநல மருத்துவர் அறிக்கை ஒன்றைக் கட்டாயமாக்குங்கள். கேரள அரசும் தமிழக அரசும் இதை உடனே செய்ய வேண்டும்.