லட்சுமி வந்தாள்



நேற்று காலை நடைப்பயிற்சி முடித்துவிட்டு, செங்கம் சாலையில் உள்ள ரமணாசிரமத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நம் ஊர்ப் பிள்ளைகள் பலரும் அங்கே மயில் பார்க்கப் போயிருப்பீர்கள். அதே வளாகத்தில் நான்கு சமாதிகள் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு பசு, ஒரு மான், ஒரு நாய், ஒரு காகம். பசுவின் பெயர் லட்சுமி, மான் வள்ளி, நாய் ஜாக்கி. காகத்துக்கு மட்டும் பெயர் இல்லை. ஆனாலும் சமாதி உண்டு!

இவர்களின் வரலாற்றைத்தான் இன்று எழுதுகிறேன். எனக்கும் இதில் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ரமணர் 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி, 16 வயதில் திருவண்ணாமலைக்கு வந்தார். பிறகு மலைமேல் விரூபாட்ச குகையிலும், 1916 முதல் கந்தாசிரமத்திலும் இருந்தார். 1922-இல் தாயார் அழகம்மாள் காலமான பிறகு அடிவாரத்துக்கு வந்தார். மலையில் அவருக்கு அக்கம்பக்கம் யார்? குரங்கு, அணில், நாய், பாம்பு, சிறுத்தை! பாம்பை அடிக்க யாரையும் விடமாட்டார். அவர்கள் இருந்த இடத்துக்கு நாம்தானே வந்திருக்கிறோம் என்பது அவர் வாதம்.

எந்தப் பிராணியையும் அவர் 'அது' என்று சொன்னதில்லை. 'அவன்', 'அவள்' என்றுதான் சொல்வார். நாய்களுக்குச் சோறு வைத்தாயிற்றா என்று கேட்க வேண்டுமானால், பையன்கள் சாப்பிட்டார்களா என்று கேட்பார். நாய்களுக்கு முதல் பந்தி, அடுத்து ஏழைகளுக்கு, பக்தர்களுக்குக் கடைசியில்தான். நானும் அவர் வழக்கப்படியே எழுதுகிறேன்.

குரங்குக் கூட்டத்தின் ராஜா கடித்துக் குதறிப் போட்டுவிட்டுப் போன ஒரு குட்டியை ரமணர் எடுத்து வைத்தியம் பார்த்தார். கால் ஊனமாகிவிட்டதால் அவனுக்கு நொண்டி என்று பெயர். இலையில் ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிடுவானாம். ஒருநாள் சோற்றை இறைத்ததற்காக ரமணர் கண்டித்தார். உடனே அவர் கண்ணுக்கு மேலே ஒரு அறை விட்டான்! அதற்குத் தண்டனையாகச் சில நாள் மடியில் உட்காரக் கூடாது என்று தடை. கெஞ்சிக் கெஞ்சி மறுபடி மடியில் இடம் பிடித்தான். பொதுவாக, மனிதன் தொட்டு வளர்த்த குரங்கை அதன் கூட்டம் சேர்த்துக்கொள்ளாது. ரமணர் வளர்த்தவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். நொண்டி பின்னாளில் அந்தக் கூட்டத்துக்கே ராஜா ஆனான்.

கமலா என்று ஒரு நாய் இருந்தாள். புதிதாக வந்தவரைச் சுற்றிக் காட்டு என்று ரமணர் சொன்னால் போதும், ஒவ்வொரு சன்னதியாக, ஒவ்வொரு குளமாக அழைத்துப் போய்க் காட்டிவிட்டுக் கொண்டுவந்து சேர்ப்பாள். இன்றைக்குக் கைடுகளே அவ்வளவு பொறுமையாகக் காட்டுவதில்லை.

லட்சுமி 1926-இல் தன் தாயோடு கன்றுக்குட்டியாக வந்தவள். குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பக்தர் கொண்டுவந்து விட்டார். ஆசிரமத்தில் வசதி இல்லாததால், ஊருக்குள் ஒருவரிடம் வளர்க்கக் கொடுத்தார்கள். ஒருமுறை வழி தெரிந்துகொண்டவள், பிறகு தினமும் காலையில் தானாக ஆசிரமத்துக்கு வந்து, சாயங்காலம் தானாகத் திரும்பிப் போவாள். வந்ததும் நேரே கூடத்தில் ரமணர் முன்னால் போய் நிற்பாள். அவர் வாழைப்பழம் கொடுப்பார். அவர் பிறந்தநாளான ஜெயந்தி அன்றே மூன்று முறையாவது கன்று ஈன்றிருக்கிறாள். கற்கட்டடமாகக் கோசாலை கட்டிப் புதுமனை புகும் நாளில், முதலில் நுழைய வேண்டிய லட்சுமியைக் காணோம். தேடிப் பார்த்தால், ரமணர் முன்னால் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். அவர் எழுந்து முன்னே நடந்த பிறகுதான் பின்னாலேயே போனாள்.

விரூபாட்ச குகைக் காலத்தில் மலையில் கீரை பறித்துச் சமைத்து ரமணருக்குக் கொடுத்து வந்தவர் கீரைப்பாட்டி. அந்தப் பாட்டிதான் லட்சுமியாக வந்தாள் என்பது ஆசிரமத்துக்காரர்களின் நம்பிக்கை. 1948 ஜூன் 18, வெள்ளிக்கிழமை லட்சுமி இறந்தாள். கடைசி நேரத்தில் ரமணர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, 'அம்மா' என்று அழைத்துப் பேசினார். அவள் முக்தி அடைந்தாள் என்று தன் கையாலேயே ஒரு வெண்பா எழுதினார். அது மரியாதைக்கு எழுதியதா என்று ஒரு பக்தர் கேட்டபோது, எழுதியது எதுவோ அதுதான் பொருள் என்றார்.

இனி என் கணக்கு.

பல வருஷத்துக்கு முன்னால், ஐந்தாம் வகுப்பில் 'எங்கள் வீட்டுப் பசு' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பையன், 'லட்சுமி நேற்று கன்று போட்டாள்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதியிருந்தான். 'போட்டாள்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, 'போட்டது' என்று திருத்தி, இரண்டு மதிப்பெண் குறைத்தேன். "டீச்சர், லட்சுமி பொம்பளைதானே?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பசு அஃறிணை என்று பலகையில் எழுதிப் போட்டேன்.

அடுத்த பரீட்சையில் அதே தலைப்பு. 'பசு ஒரு வீட்டு விலங்கு. அது பால் தரும். அதற்கு நான்கு கால்கள் உண்டு' என்று எல்லோரையும் போல அவனும் எழுதினான். ஐந்தே வரி. பிழையே இல்லை. முழு மதிப்பெண் போட்டேன். லட்சுமி அந்தக் கட்டுரையில் இல்லை.

ரொம்ப நாள் கழித்துத்தான் நன்னூலை ஒழுங்காகப் படித்தேன். மகிழ்ச்சியால் அஃறிணையை உயர்திணையாகச் சொல்வது பிழை ஆகாது, அது திணை வழுவமைதி என்று பவணந்தி முனிவரே இடம் கொடுத்திருக்கிறார். அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் உதாரணமே, பசுவைத் தாய் என்று சொல்லி 'வந்தாள்' என்பதுதான்! பட்டயப் படிப்பு முடித்து வந்த நான் பிழையைப் பிடிக்கக் கற்றிருந்தேன். வழுவமைதியை மறந்திருந்தேன்.

1960-இல் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டில் சிம்பன்சிகளை ஆராயப் போன ஜேன் குடால், அவர்களுக்கு எண் போடாமல் பெயர் வைத்தார். தன் முதல் ஆய்வுக் கட்டுரையில் 'அவன்', 'அவள்' என்று எழுதினார். பத்திரிகை ஆசிரியர் எல்லாவற்றையும் 'அது' என்று திருத்தி அனுப்பினார். குடால் அந்தத் திருத்தத்தை அடித்துவிட்டு, மறுபடியும் 'அவன்', 'அவள்' ஆக்கினார். என் மாணவனுக்கு வயது பத்து. டீச்சர் திருத்தியதை அவன் எப்படி அடிப்பான்?

அந்தப் பையன் இதைப் படிக்கக்கூடும். தம்பி, நீ எழுதியது சரி. அந்த இரண்டு மதிப்பெண்ணை இன்று கொடுத்துவிட்டேன். அன்றைக்கு லட்சுமி போட்டது கிடாரியா, காளைக்கன்றா? டீச்சருக்கு இன்னும் தெரியாது. எழுதுப்பா.