தலைக்கவசமும் நட்டஈடும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

மோட்டார் சைக்கிளில் செல்லும் ஒருவர் மீது கார் ஒன்று மோதுகிறது. தவறு முழுவதும் கார்ச் சாரதியுடையது. ஆனால், அடிபட்டவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. தலையில் ஏற்பட்ட காயத்துக்காக அவர் கோரும் நட்டஈட்டை, கவசம் அணியாததைக் காரணம் காட்டிக் குறைக்கலாமா?

முப்பது ஆண்டுகளாக விபத்துச் செய்திகளை எழுதியும் திருத்தியும் வந்தவன் என்ற முறையில் இந்தக் கேள்வி என்னைத் தொடர்ந்து வந்திருக்கிறது. 'தலைக்கவசம் அணியாது சென்ற இளைஞர் பலி' என்ற தலைப்பைக் காணும் வாசகர், அந்த மரணத்துக்கு அவ்விளைஞரே காரணம் என்று முடிவு செய்துவிடுகிறார். மோதிய வாகனமும் அதைச் செலுத்தியவரும் செய்தியின் கடைசி வரிக்குப் போய்விடுகிறார்கள். ஒருமுறை, மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவரிடம் நட்டஈட்டு வழக்குப் பற்றி விசாரித்தேன். "பிள்ளை ஹெல்மெட் போடேல்லைத் தம்பி. நாங்கள் என்னெண்டு போய்க் காசு கேக்கிறது?" என்றார் அவர். தமக்கு உரிமையே இல்லையென்று அந்தக் குடும்பம் தானாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டுவிட்டது.

அந்தத் தாய் நினைத்தது சட்டப்படி சரியா? விடையைத் தேடுவதற்குப் பிரித்தானிய வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

'அரேபியாவின் லோறன்ஸ்' என்று புகழ்பெற்ற ரி.ஈ.லோறன்ஸ், 1935 மே 13ஆம் திகதி இங்கிலாந்தின் டோர்செற் பகுதியில், தமது ப்ரஃப் சுப்பீரியர் மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தார். எதிர்ப்பட்ட இரண்டு சைக்கிள் சிறுவர்கள் மீது மோதாதிருக்க முயன்றபோது தூக்கி வீசப்பட்டார். தலையில் கடுங்காயம். நினைவு திரும்பாமலே மே 19ஆம் திகதி தமது 46ஆவது வயதில் காலமானார்.

அவரைப் பார்வையிட அழைக்கப்பட்ட மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெயான்ஸ். அவுஸ்திரேலியாவில் பிறந்த இளம் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். லோறன்ஸின் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால், மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் தலைக்காயங்கள் பற்றிய ஆய்வில் கெயான்ஸ் பின்னர் இறங்கினார். இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, கடிதங்களையும் கட்டளைகளையும் சுமந்து சென்ற இராணுவத் தூதோட்டிகள் எதிரியின் குண்டுக்கு முன்னரே உள்ளூர் வீதிகளில் மடிந்துகொண்டிருந்தார்கள். போரின் முதல் 21 மாதங்களில் பிரித்தானிய வீதிகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டியோரும் பின்னால் அமர்ந்து சென்றோருமாக 2,279 பேர் உயிரிழந்தனர் என்று 1941இல் 'பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை'யில் கெயான்ஸ் எழுதினார். தலைக்கவசம் அணிந்திருந்த நிலையில் விபத்துக்குள்ளானோரில் ஏழு பேரை மட்டுமே அவரால் ஆய்வுக்கு எடுக்க முடிந்தது. அந்த எழுவருமே உயிர்தப்பியிருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், பணியிலுள்ள மோட்டார் சைக்கிள் வீரர்கள் அனைவரும் கவசம் அணிய வேண்டுமென இராணுவம் உத்தரவிட்டது.

குடிமக்களுக்கு அந்த உத்தரவு வருவதற்கு மேலும் 32 ஆண்டுகள் சென்றன. கெயான்ஸ் 1952இலேயே காலமாகிவிட்டார். அவர் பிறந்த அவுஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் 1961இல் உலகில் முதலாவதாகத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பிரித்தானியாவில் 1973 ஜூன் 1ஆம் திகதியே அது சட்டமானது.

இங்குதான் நமது கேள்விக்குரிய வழக்கு வருகிறது. சட்டம் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1971இல், 'ஓகொனல் எதிர் ஜாக்சன்' என்ற வழக்கு இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. மொபெட்டில் பிரதான வீதி வழியாகச் சென்ற ஒருவர் மீது பக்கவீதியிலிருந்து வந்த கார் மோதியது. விபத்துக்கு அவர் எவ்வகையிலும் பொறுப்பல்ல. ஆனால், தலையில் பலத்த காயம்; கவசம் இல்லை. கவசம் அணியாதது அன்று குற்றமல்ல. அணிவது நல்லது என்று வீதி ஒழுங்குக் கோவை ஆலோசனை மட்டுமே கூறியிருந்தது. எனினும், கவசம் காயத்தின் கடுமையைக் குறைத்திருக்கும் என்ற மருத்துவச் சான்றை ஏற்று, நீதிமன்றம் நட்டஈட்டை 15 சதவீதத்தால் குறைத்தது.

இத்தீர்ப்பின் அடிப்படையை விளங்கிக்கொள்ள 1945ஆம் ஆண்டின் சட்டமொன்றை நினைவுகூர வேண்டும். அதற்கு முன்னர், பாதிக்கப்பட்டவர் பக்கத்திலும் கவனயீனம் இருந்ததென நிரூபிக்கப்பட்டால் அவருக்கு ஒரு சதமும் கிடைக்காது என்பதே ஆங்கிலச் சட்டத்தின் பொதுவான விதி. 1809இல் வழங்கப்பட்ட தீர்ப்பொன்றிலிருந்து அது வேரூன்றியிருந்தது. 1945இன் சட்டம் அதை மாற்றி, அவரவர் பொறுப்பின் அளவுக்கு நட்டஈட்டைப் பிரித்துக் குறைக்க இடமளித்தது.

ஆனால், கவசம் அணியாதவர் விபத்தை விளைவிக்கவில்லையே? இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் டெனிங் பிரபு. 1975இல், கார் இருக்கைப்பட்டி தொடர்பான 'ஃபுறூம் எதிர் புச்சர்' வழக்கில், விபத்துக்கான காரணம் வேறு, காயத்துக்கான காரணம் வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். விபத்துக்குக் காரணம் தவறாக ஓட்டியவர் மட்டுமே. காயத்துக்கோ அவருடைய தவறும் பட்டி அணியாமையும் சேர்ந்து காரணமாகலாம். பட்டி காயத்தை முற்றாகத் தடுத்திருக்குமானால் 25 சதவீதம். கணிசமாகக் குறைத்திருக்குமானால் 15 சதவீதம். எந்த வேறுபாட்டையும் ஏற்படுத்தியிராவிட்டால் குறைப்பே இல்லை. இந்த அளவுகோல் தலைக்கவச வழக்குகளுக்கும் பொருத்தப்பட்டது. 1988இல், குடிபோதையில் காரோட்டியவரால் மோதப்பட்ட மொபெட் ஓட்டுநர் ஒருவர் கவசம் அணிந்திருந்தும் நாடிப் பட்டியைப் பூட்டாததால் அது கழன்று விழுந்தது. அவருக்கு 10 சதவீதக் குறைப்பு.

இதற்கிடையில் சட்டம் எதிர்ப்பின்றி நிலைபெற்றுவிடவில்லை. தன் உயிருக்கு மட்டும் ஆபத்து விளைவிப்பவனை அரசு தண்டிக்கலாமா என்று ஈனொக் பவல் போன்றோர் பாராளுமன்றத்தில் வாதிட்டனர். அபராதம் செலுத்த மறுத்துப் பலமுறை சிறை சென்ற முதியவர் ஒருவர் 1984இல் லண்டன் பென்டன்வில் சிறையிலேயே இறந்தார். தலைப்பாகை அணியும் சீக்கியர்கள் நடத்திய போராட்டத்தின் பயனாக 1976இல் அவர்களுக்கு விலக்களிக்கும் சட்டம் நிறைவேறியது.

விலக்குக்கும் நட்டஈட்டுக்குமுள்ள தொடர்பைக் கட்டட வேலைத்தளங்கள் பற்றிய 1989இன் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பாதுகாப்புத் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகையுடன் பணியாற்ற சீக்கியருக்கு உரிமையுண்டு. ஆனால் விபத்து நேர்ந்தால், தொப்பி அணிந்திருந்தாலும் ஏற்பட்டிருக்கக்கூடிய காயத்துக்கு மட்டுமே அவர் நட்டஈடு கோரலாம். உரிமையை வழங்கிய சட்டம், அதன் விலையின் ஒரு பகுதியை அவர் தலையிலேயே சுமத்தியது.

நம்மவர் வாழும் நிலங்களுக்கும் இந்த வாதம் வந்து சேர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் தலைக்கவச விதி கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தபோது, நட்டஈட்டை மறுக்க இதுவும் ஒரு கருவியாகிவிடுமோ என்ற ஐயம் எனக்கு எழுந்தது. இவ்வகையில் 2020 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று கவனத்துக்குரியது. ஒரு மோட்டார் சைக்கிளில் மூவர் சென்றனர். மோதிய காரால் ஒருவர் இறந்தார். மூவர் சென்றது விதிமீறல் என்று கூறி, டெல்லி உயர் நீதிமன்றம் நட்டஈட்டை 10 சதவீதத்தால் குறைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டத்தை மீறியது மட்டும் போதாது, அந்த மீறலுக்கும் விபத்துக்கோ பாதிப்புக்கோ இடையே காரணத் தொடர்பு காட்டப்பட வேண்டும் என்றது.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். தலைக்கவசம் அணியாததற்காகப் பொலிஸார் விதிக்கும் தண்டம் வேறு. நட்டஈட்டு உரிமை வேறு. மேலே கண்ட தீர்ப்புகள் எதிலும், கவசம் இல்லாத காரணத்தால் நட்டஈடே இல்லையென்று எந்த நீதிபதியும் கூறவில்லை. அதிகபட்சமாகப் போனால் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. கவசம் அணிந்திருந்தால் காயம் குறைந்திருக்கும் என்பதை ஆங்கிலச் சட்டப்படி நிரூபிக்க வேண்டியவர் எதிராளியே. கால் முறிந்தவரிடம் தலைக்கவசத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. நாட்டுக்கு நாடு சட்டத்தில் வேறுபாடு உண்டு. ஆகவே வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் கைவிடவும் கூடாது, காப்புறுதிக் கம்பனி முதலில் நீட்டும் காகிதத்தில் கையெழுத்திடவும் கூடாது.

வாசகர்களே, தலைக்கவசம் அணியுங்கள். நாடிப் பட்டியையும் பூட்டுங்கள். கெயான்ஸ் கண்ட உண்மை இன்றும் மாறவில்லை. ஆனால் அணியாத ஒருவர் அடிபட்டு விழுந்தால், முதலில் மோதியவர் யாரென்று கேளுங்கள். தலைக்கவசக் கேள்வி அதற்குப் பின்னரே வரவேண்டும்.