மாநகரின் வறிய குடியிருப்புகளில் வாழும் இளையோரும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தமும்

உயிருக்கு ஆபத்தான நிகழ்வை அனுபவித்தவர்களுக்கும், அதனை நேரில் கண்டவர்களுக்கும், நெருங்கியவர்களுக்கு அது நேர்ந்ததை அறிந்தவர்களுக்கும் ஏற்படக்கூடிய மனநலப் பாதிப்பே அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு (பி.டி.எஸ்.டி.) ஆகும். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதனைத் தனி நோயாக வகைப்படுத்தியபோது, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் நிலையே பெரிதும் பேசப்பட்டது. எனினும், சிகாகோ, பிலடெல்பியா, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற மாநகரங்களின் வறிய குடியிருப்புகளில், வன்முறைக்கு நடுவே வளரும் இளையோரிடமும் இந்நோய் காணப்படுகிறது. அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையிலானோரின் இறப்புக்கு 2020-இல் துப்பாக்கிக் காயங்களே முதன்மைக் காரணமாக இருந்தன.

அறிகுறிகள்

• நிகழ்வின் நினைவுகளும் கெட்ட கனவுகளும் மீண்டும் மீண்டும் வருதல்
• அதனை நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் தவிர்த்தல்
• குற்றவுணர்வு, நம்பிக்கையின்மை, பிறரிடமிருந்து விலகியிருத்தல்
• எளிதில் திடுக்கிடுதல், எரிச்சல், உறக்கமின்மை, கவனச் சிதறல்

இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ உறவுகளையோ பாதித்தால் மருத்துவ மதிப்பீடு தேவை.

நோய் ஏன் கவனிக்கப்படாமல் போகிறது?

கதவு அறையும் ஓசைக்குத் திடுக்கிட்டுச் சினம் கொள்ளும் மாணவர் ஒழுங்கற்றவராகவும், இரவில் உறங்காதவர் சோம்பேறியாகவும், துப்பாக்கிச் சூடு நிகழ்ந்த தெருவைக் கடக்க அஞ்சிப் பள்ளிக்கு வராதவர் பொறுப்பற்றவராகவும் கருதப்படுகின்றனர். சிகிச்சை கிடைக்க வேண்டிய இடத்தில் தண்டனை கிடைக்கிறது. மேலும், இவர்களுக்கு ஆபத்து கடந்துபோன ஒன்றன்று. அதே தெருவில் அது மீண்டும் நிகழலாம். ஆகவே, இவர்களது எச்சரிக்கையுணர்வு முழுவதும் நோயன்று. உண்மையான ஆபத்தையும் ஆபத்தின் நினைவையும் பிரித்தறியக் கற்பிப்பதே சிகிச்சையின் நோக்கமாகும்.

சிகிச்சை

அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிதல்-நடத்தைச் சிகிச்சை இளையோருக்கு முதன்மையாகப் பரிந்துரைக்கப்படுகிறது. உடலைத் தளர்த்தும் பயிற்சி, தவறான எண்ணங்களை ஆராய்தல், நிகழ்வைப் படிப்படியாக எடுத்துரைத்தல் ஆகியன இதில் அடங்கும். லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளில் 10 குழு அமர்வுகளாக அளிக்கப்பட்ட இத்தகைய சிகிச்சை ஆறாம் வகுப்பு மாணவர்களின் அறிகுறிகளைக் குறைத்தது என 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. பள்ளியிலேயே அளிக்கப்படுவதால், மருத்துவமனைக்குச் செல்ல வாய்ப்பில்லாதவர்களையும் இது சென்றடைகிறது. பிலடெல்பியாவில், வன்முறையால் காயமுற்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் இளையோருக்குக் காயம் ஆறிய பின்னரும் மனநல ஆதரவு தொடர்ந்து அளிக்கப்படுகிறது.

பெற்றோரும் ஆசிரியர்களும் செய்யக்கூடியவை

• நடந்ததைக் கூறுமாறு வற்புறுத்தாதீர்கள். பேச முன்வரும்போது இடைமறிக்காமல் கேளுங்கள்.
• உணவு, உறக்கம், பள்ளி ஆகியவற்றின் அன்றாட ஒழுங்கைப் பேணுங்கள்.
• நடத்தையில் திடீர் மாற்றம் தென்பட்டால், கண்டிக்கும் முன் காரணத்தைக் கேட்டறியுங்கள்.
• தற்கொலை பற்றிய பேச்சு எழுந்தால் தனியே விடாதீர்கள். உடனடியாக உதவி நாடுங்கள். அமெரிக்காவில் 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

உரிய சிகிச்சை பெறும் இளையோரில் பலர் நலமடைகின்றனர்.