கடலே இல்லாத ஊருக்குக் கடல் சட்டம்!

கிருஷ்ணகிரியில் அலைச் சத்தம் கேட்காது. சென்னைத் துறைமுகம் சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால், ஹைவேயில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஓசூர் பைக்குகள், பர்கூர் கிரானைட், 'பெங்களூரா' மாங்காயைக் கூழாக்கி அடைத்த டிரம்கள் என்று வரிசையாக லாரிகள் போகும். அந்தச் சரக்கு கப்பலில் ஏறியதுமே, அதன் சொந்தக்காரர் இரண்டாயிரம் வருஷப் பழைய சட்டம் ஒன்றுக்குக் கட்டுப்பட்டுவிடுகிறார்!

அதன் பெயர் 'ஜெனரல் ஆவரேஜ்'. பி.காம். வகுப்பில் இதைக் கேட்டதும், கூட்டி வகுக்கிற சமாசாரம் என்றுதான் நினைத்தேன். விஷயம் தலைகீழ்! 'ஆவரேஜ்' என்பது முதலில் கடல் சேதத்தைக் குறித்த வார்த்தை. அதை எல்லோருக்கும் பங்கு போட்டதிலிருந்துதான் கணக்கு வாத்தியாரின் ஆவரேஜ் வந்தது.

புயலில் கப்பல் தத்தளிக்கிறது. பாரத்தைக் குறைக்க ஒருவரின் மூட்டைகளைக் கடலில் வீசுகிறார்கள். கப்பல் தப்பிக்கிறது. நஷ்டம் அவருக்கு மட்டுமா? இல்லை, தப்பித்த சரக்குக்காரர்களும் கப்பல்காரரும் ஆளுக்குக் கொஞ்சம் தர வேண்டும். கிரேக்கத் தீவான ரோட்ஸின் பெயரில் வழங்கிய இந்த விதியை, 533-ல் ஜஸ்டினியன் சக்கரவர்த்தியின் சட்டத் தொகுப்பும் பதிவு செய்தது. பிறகு 'யார்க்-ஆன்ட்வெர்ப் விதிகள்' என்று உலகத்துக்கே பொதுவானது. நம்முடைய 1963-ம் வருஷத்து மரைன் இன்ஷூரன்ஸ் சட்டத்திலும் இருக்கிறது.

பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2018 மார்ச்சில் அரபிக்கடலில் 'மேர்ஸ்க் ஹொனாம்' கப்பல் தீப்பிடித்தது. ஐந்து மாலுமிகள் இறந்தார்கள். தப்பிய சரக்கை எடுக்கப் போனவர்களிடம் கேட்ட பிணைத்தொகை எவ்வளவு தெரியுமா? மீட்புக் கூலிக்காகச் சரக்கு மதிப்பில் 42.5 சதவிகிதம், ஜெனரல் ஆவரேஜுக்காக 11.5 சதவிகிதம். மொத்தம் 54! அதாவது, ஒரு கோடி ரூபாய்ச் சரக்கு என்றால் 54 லட்சம்.

இன்ஷூரன்ஸ் இருந்தால் கம்பெனி உத்தரவாதம் தரும். இல்லாதவர் ரொக்கமாகக் கட்ட வேண்டும். கட்டும் வரை சரக்கு கைக்கு வராது. 'என் டிரம்முக்கு ஒன்றும் ஆகவில்லையே?' என்று கேட்டால், 'அதனால்தான் கேட்கிறோம்' என்பார்கள்.

இதில் ஒன்று உறுத்துகிறது. போன உயிர்கள் இந்தப் பங்குக் கணக்கில் வராது. சுதந்திர மனிதனுக்கு விலை போட முடியாது என்று ரோமானியச் சட்டமே சொல்லிவிட்டது.

சரக்குக்கு விலை உண்டே? மாங்கூழ் அனுப்புகிறவர் விலை பேசும்போதே, கடலில் சேதம் வந்தால் தன் தலையிலா, வாங்குபவர் தலையிலா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. தன் தலையில் என்றால், பிரீமியத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம்!